கழற்றி வைத்த கம்பி

(நோணாங்குப்பத்தில் நடந்த நம் சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"உன் தொழில் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா, பத்து நிமிஷத்துக்கு மேல போகாதே" என்று செயலாளர் கட்டளை போட்டிருக்கிறார். ஆகவே ஒரே ஒரு கம்பியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், சுண்ணாம்பாற்றுப் பாலத்துக்கு முன்னால், அந்தக் கம்பி எனக்கு ஒரு பாடம் நடத்தியது.

பெரும்பாலான கார்களின் அடியில் குனிந்து பாருங்கள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 'ப' வடிவில் வளைந்த ஒரு ஸ்பிரிங் எஃகுக் கம்பி இருக்கும். ஸ்டெபிலைசர் பார் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஸ்வே பார், ஆன்ட்டி ரோல் பார் எல்லாம் அதுதான். நடுப்பகுதி ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கும். இரண்டு முனைகளும் லிங்க் ராடு மூலம் சக்கரப் பக்கம் பிடிபட்டிருக்கும். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எந்த வேலையும் செய்யாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறினாலோ, வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தாலோ கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு விறைப்புதான் சாய்வைத் தடுக்கிறது. இந்த விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் கம்பியை 22 ஆக்கினால் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடும். தேர்வில் இதை எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். புரிந்துகொண்டது அதற்கப்புறம் பல வருஷம் கழித்து.

வேலைக்குச் சேர்ந்து கையில் கொஞ்சம் காசு வந்ததும் நான்கு சக்கர இயக்கம் உள்ள ஒரு பழைய வண்டி வாங்கினேன். வண்டியின் பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது, கம்பெனிக்காரனைக் குற்றம் சொல்லக் கூடாது. விடுமுறை வந்தால் நாலைந்து நண்பர்களாகக் கல்வராயன் மலைப் பக்கம் கிளம்பிவிடுவோம். அங்கே மழைநீர் அரித்த பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கும்போது ஒரு முன்சக்கரம் பள்ளத்தில் இறங்க வேண்டும், மற்றது மேட்டில் ஏற வேண்டும். கம்பி விடாது. "நீ ஏறினால் அவனும் ஏறட்டும்" என்று இழுத்துப் பிடிக்கும். விளைவு, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்புவிசைதான் கொடுக்கும். அந்தரத்தில் உள்ள சக்கரத்துக்கு எதிர்ப்பே இல்லை, ஆகவே மண்ணில் உள்ள சக்கரத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இதற்கு வைத்தியம், லிங்க் ராடைக் கழற்றிவிடுவது. இரண்டு நட்டு, கால் மணி நேரம். அப்புறம் பாருங்கள், சக்கரங்கள் தனித்தனியாகப் பள்ளத்தையும் மேட்டையும் தொட்டுக்கொண்டு வண்டி பல்லி மாதிரி ஊர்ந்து போகும். இது நல்ல உத்திதான். ஜீப் ராங்லர் ரூபிகானில் 2007-லிருந்தே டாஷ்போர்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் முன்பக்கக் கம்பி பிரியும்படி செய்திருக்கிறார்கள். ஆனால் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தானாகவே திரும்ப மாட்டிக்கொள்ளும். அந்த 'ஆனால்' எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து திரும்பினோம். லிங்க் ராடுகள் சாக்குப் பையில், நட்டுகள் ஊறுகாய் பாட்டிலில். நாளைக்கு மாட்டிக்கலாம் என்று விட்டேன். திங்கள் போனது, செவ்வாய் போனது. நேர்ச்சாலையில் வண்டி முன்னைவிட மெத்தென்று போவதுபோல் இருந்தது. "இந்தக் கம்பியே தேவையில்லைடா" என்று நண்பர்களிடம் பெருமையடித்தேன். பள்ளத்தைக் கடக்கும் போட்டோவை எல்லோருக்கும் அனுப்பினேன்.

புதன்கிழமை மாலை முருங்கப்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் தவளக்குப்பம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அரியாங்குப்பம் தாண்டியதும் அம்மா கேட்டார், "என்னடா, வண்டி ஏன் படகு மாதிரி ஆடுது?" நான் சிரித்தேன். படகுத்துறைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பெரியவர் சைக்கிளைத் திடீரென்று குறுக்கே திருப்பினார். வேகம் அறுபது இருக்கும். ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தேன். எதிரில் பஸ். உடனே இடது பக்கம் ஒடித்தேன். முதல் ஒடிப்பில் இடது பக்கம் சாய்ந்த வண்டி, இரண்டாவது ஒடிப்பில் ஊஞ்சல் மாதிரி வலது பக்கம் வீசியது. பின்பக்கம் வழுக்கியது. இடது சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பியதை என் இடுப்பு உணர்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொப்பென்று திரும்ப விழுந்து, சாலையோர மணலில் போய் நின்றது.

சைக்கிள் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் தோள் கதவில் மோதி, ஒரு மாதம் கை தூக்க முடியவில்லை. என்னைத் திட்டவில்லை. "அந்த சாக்குப் பையில என்னடா கலகலன்னு சத்தம்?" என்று மட்டும் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆயிரம் கிலோ வண்டி, எடைமையம் 65 சென்டிமீட்டர் உயரத்தில், சக்கர அகலம் 130 என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவாட்டு முடுக்கம் வந்தால் உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு 250 கிலோ மாறும். கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அதே 250 தான். அப்படியானால் கம்பி எதற்கு? அந்தச் சுமையை முன்னும் பின்னும் எப்படிப் பங்கு போடுவது என்பதைக் கம்பி தீர்மானிக்கிறது. முன்கம்பியை எடுத்துவிட்டால் பின்சக்கரங்களின் பங்கு கூடிவிடும். பின்டயர் முதலில் பிடியை விடும், வால் வீசும். சாய்வும் அதிகமாகி, மறுபக்கம் திரும்பும்போது அந்த வீச்சும் சேர்ந்துகொள்ளும். 1997-இல் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை, குறுக்கே காட்டுமான் வந்தால் ஒடித்துத் தப்புவதுபோல் சோதித்ததில் புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. கம்பெனி விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றி, மின்னணு நிலைப்பாட்டுக் கருவியும் சேர்த்த பிறகே மீண்டும் விற்றது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் சாக்குப் பைக்காரன் எம்மாத்திரம்?

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. போட்டோவைப் பார்த்துவிட்டு நம் கல்லூரித் தம்பி ஒருவர், அப்போது இறுதியாண்டு, விழுப்புரத்திலிருந்து போன் செய்திருந்தார். விடியற்காலையிலேயே அவரை எழுப்பினேன்.

"நானும் கழட்டிட்டேன் அண்ணே. நீங்கதானே தேவையில்லைன்னு சொன்னீங்க?"

"கம்பி எங்கே தம்பி?"

"காயலான் கடையில போட்டுட்டேன் அண்ணே."

அன்றைக்கு லீவு போட்டேன். புதுக் கம்பி வாங்கி, விழுப்புரம் போய், அவர் வீட்டு வாசலில் படுத்து நானே மாட்டினேன். நூற்றைம்பது ரூபாய்க்கு எடை போட்ட கம்பிக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று என் மனைவிக்கு இன்னும் தெரியாது. இன்று தெரிந்துவிட்டது.

தம்பிகளே, கழற்றாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பாறையிலும் பள்ளத்திலும் மெதுவாகப் போகும்போது அது பயன்படும். தளர்ந்த முனை டயரிலும் பிரேக் ஹோஸிலும் உரசாதபடி கட்டி வையுங்கள். தார்ச்சாலையைத் தொடும் முன் மாட்டுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். நிரந்தரமாக எடுத்துவிடுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது. தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்னொன்று, எதிரே தெரியும் இந்த மணலில் கம்பியைக் கழற்றி லாபமில்லை. மணலில் வேண்டியது டயர் காற்றைக் குறைப்பது. அதைவிட நல்லது, ஆமைகள் முட்டையிட வரும் இந்தக் கரையில் வண்டியை இறக்காமலே இருப்பது.

வேலை செய்யாததுபோல் தெரியும் ஒரு பாகத்தை எடுப்பதற்கு முன், அது எந்த நேரத்தில் வேலை செய்யும் என்று கேளுங்கள். சீனியர் சொன்னார் என்பதற்காக எதையும் கழற்றாதீர்கள். சீனியர்களே, தெரியாததைத் தம்பிகளிடம் சொல்லாதீர்கள். அன்று போன் எடுத்த அந்தத் தம்பி இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் இன்று நிம்மதியாகச் சாப்பிடப் போவதற்கு அது ஒன்றே போதும்.

அம்மா இன்னும் என் வண்டியில் ஏறும் முன் கேட்பார், "எல்லாம் மாட்டியிருக்கியா?"

மாட்டியிருக்கிறேன்.