கரிசற் காடும் நச்சு மருந்தும்

நம் நாட்டுப்புறங்களில் பயிரில் புழு விழுந்துவிட்டால் "மருந்தடிக்க வேண்டும்" என்கிறோம். "இன்னார் மருந்து குடித்துவிட்டார்" என்று செய்தி வந்தாலோ, அதன் பொருளை ஒருவரும் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே பதறி ஓடுகிறது. பொருளும் ஒன்று, பெயரும் ஒன்று. பயிரின்மேல் விழும்போது அதை மருந்து என்று நம்புகிறோம். வயிற்றுக்குள் போனால் நஞ்சு என்று அறிகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நிலை உண்டு. கூலிக்குத் தெளிப்பவனுடைய தோலிலும் மூச்சிலும் அது நாள்தோறும் சிறிது சிறிதாகப் படிகிறதே, அப்போது அது மருந்தா, நஞ்சா? இந்தக் கேள்வியைத்தான் மாணவ நண்பர்களாகிய உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நான் பேசுவது நாகலாபுரத்தைச் சுற்றியுள்ள கரிசற் சீமையை மனத்தில் வைத்துக்கொண்டு. கோவிற்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் எனப் பரந்து கிடக்கும் இந்நிலம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிறார்கள். கோவிற்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை தோன்றிவிட்டது. கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தியைப் பண்படுத்தி, 'கே' என்ற எழுத்தை அடையாளமாகக் கொண்ட இரகங்களை அது வெளியிட்டது. நாட்டுப் பருத்தி வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் ஒருவாறு தாங்கி நின்றது. பின்னர் வந்த பருத்திகள் விளைச்சலை மிகுதியாகத் தந்தன. மருந்தையும் மிகுதியாகக் கேட்டன.

கோடையில் இக்கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புக்குள் நாகம் கிடக்கலாம். நாகத்தின் பல்லில் நஞ்சு எப்போதும் இருக்கிறது; ஆயினும் அது தன் பொந்தில் கிடக்க, நாம் வரப்பின்மேல் போனால் ஒரு கேடும் இல்லை. இருட்டில் வெறுங்காலை வெடிப்புக்குள் விடுகிறவனுக்கே கேடு. அறிவியலாரும் இவ்விரண்டையும் பிரித்தே பேசுவர். நஞ்சின் வீரியம் ஒன்று. அந்நஞ்சு மனிதனைத் தொடும் அளவு மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே ஆபத்தை நிர்ணயிக்கின்றன. ஆகவே புட்டியை மட்டும் பார்த்து ஆபத்தை அளக்க முடியாது. அது யார் கையில், எந்தப் பயிரில், எந்த வெயிலில், எத்தனை மணி நேரம் என்றும் கேட்க வேண்டும்.

இதற்குத் துயரமான சான்று 2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் கிடைத்தது. அதுவும் நம்முடையதைப் போன்ற கரிசல். பருத்தி விளையும் சீமை. அவ்வாண்டு பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தெளித்தவற்றுள் மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் முதலியவை இருந்தன. இவை அங்குள்ள உழவருக்குப் புதியவை அல்ல. பின் அவ்வாண்டில் மட்டும் அத்தனை பேர் விழுந்தது ஏன்? செடி ஆள் உயரத்துக்கு அடர்ந்து வளர்ந்திருந்தது. இடுப்பளவுச் செடிக்குக் கீழ்நோக்கித் தெளித்த கை, முகத்துக்கு நேராகத் தெளிக்க வேண்டியதாயிற்று. நுண்திவலையாகப் பொழியும் விசைத்தெளிப்பான்கள் வந்திருந்தன. புழு மிகுந்ததால் பல மருந்துகளை ஒன்றாகக் கலந்து, புழுக்கமான நாட்களில் நெடுநேரம் அடித்தனர். புட்டியில் இருந்த நஞ்சு பழையதே. அது மனிதனைத் தொட்ட அளவு மாறிவிட்டது.

நாகலாபுரத்தார் இதைத் தொலைதூரத்துச் செய்தியென்று ஒதுக்கிவிட இயலாது. 2018-இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் புகுந்து, அவ்வாண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் பற்றிக்கொண்டது. இப்புழு குருத்துக்குள் ஒளிந்திருந்து தின்பது. மருந்தும் குருத்துக்குள்ளேயே போயாக வேண்டும். முழங்கால் உயரப் பயிரில் அது எளிது. பயிர் தலைக்குமேல் போன பின்னரும் தெளிக்கத் துணிந்தால் கை மேல்நோக்கிப் போகிறது; திவலை தெளிப்பவன் தலையில் இறங்குகிறது; வரிசைகளுக்கு நடுவே காற்றும் இல்லை. யவத்மால் பருத்திக் காட்டிலிருந்த நிலை இங்கே சோளக்காட்டில் அப்படியே அமைகிறது. டாங்கிக்கு இவ்வளவு என்று கூலி பேசுமிடத்தில், நிழலில் சற்று நிற்பதும் கைகழுவப் போவதும் கூலியில் குறைகிற நேரம் ஆகிவிடுகின்றன.

உடலுக்குள் நிகழ்வதைச் சிறிது பார்ப்போம். நரம்பு தசைக்குக் கட்டளையிடும்போது அசிட்டைல் கோலின் என்னும் பொருளைச் சுரக்கிறது. கட்டளை முடிந்ததும் அதனைச் சிதைத்து அகற்றுவதற்கு ஒரு நொதி காத்திருக்கிறது. அதன் பெயர் கோலினெஸ்டரேஸ். நான் மேலே பெயர் சொன்ன இரண்டும் கரிம பாஸ்பரஸ் வகை நஞ்சுகள். அவை இந்நொதியின் கையைக் கட்டிவிடுகின்றன. கட்டளை ஓயாது தொடர்கிறது. கண்மணி சுருங்குகிறது, வாயில் நீர் ஊறுகிறது, வியர்வை கொட்டுகிறது, வயிறு முறுக்குகிறது, தசை துடிக்கிறது, முடிவில் மூச்சு முட்டுகிறது. இழந்த நொதி ஒரே இரவில் மீள்வதில்லை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும். "நேற்று முழுதும் அடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிறவன், நேற்றே பாதி முதலை இழந்துவிட்டு, மீதியோடு இன்று காட்டுக்குள் போகிறவனாக இருக்கக்கூடும்.

நஞ்சு வாய்வழியாகவே புகும் என்பது பலருடைய எண்ணம். தெளிப்பவனுக்குப் பெரும்பாலும் தோலே வாயில். முன்கைத் தோலைக் காட்டிலும் நெற்றியும் தலையும் பன்மடங்கு உறிஞ்சும். தொடையிடுக்கு அதனினும் மிகுதி. ஒழுகும் டாங்கியை முதுகில் சுமப்பவனுக்கு அந்நீர் இறங்கிச் சேருமிடம் அதுதான். மூக்கைச் சுற்றிக் கட்டும் துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வியர்வையிலும் திவலையிலும் ஊறிய பின் அது காவல் செய்வதில்லை. நஞ்சை முகத்தோடு சேர்த்துக் கட்டிவைக்கிறது.

கடையில் விற்கும் ஒவ்வொரு புட்டியிலும் ஒரு சாய்சதுரமும் அதற்குள் ஒரு வண்ண முக்கோணமும் காணலாம். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என வீரியம் குறையும். சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை இருந்தால் சிவப்பு. அக்கணக்கை மனிதனுக்கு அப்படியே பெயர்க்க இயலாதெனினும், 60 கிலோ எடைக்கு அது 3 கிராம்தான் என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்று: இவ்வண்ணம் ஒரே வேளையில் நேரும் கேட்டைச் சொல்வது. பத்தாண்டு தெளித்தவனுடைய உடலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இவ்வண்ணங்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1958-இல் கேரளத்தில், கப்பலில் உணவுப் பொருளோடு ஏற்றிவந்த பாரத்தியான் என்னும் நஞ்சு கசிந்து கலந்ததால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் விசாரணையை அடுத்தே 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-இல் அதன் விதிகளும் வந்தன. காப்புடை வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. தொழிற்சாலையில் இதைச் சோதிக்க வாயிற்கதவு ஒன்று இருக்கிறது. கரிசற் காட்டுக்குக் கதவு ஏது?

ஆபத்தைக் குறைக்கும் வழிகளில் முகமூடி கடைசியானது என்பது என் துணிபு. முதலாவது வழி எது என்பதைக் கோவிற்பட்டியின் தீப்பெட்டியே காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சி செய்த பெண்களுக்கு வெண்பாஸ்பரஸ் ஆவியால் தாடையெலும்பு அழுகிப்போயிற்று. சன்னலைத் திறந்துவைத்தார்கள், கைகழுவச் சொன்னார்கள், நோய் தீரவில்லை. 1906-இல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியையே விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. 1923-ஐ ஒட்டிச் சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிக் கோவிற்பட்டிக்கும் பரவியபோது, அந்நஞ்சு சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. நம் வட்டாரத்துத் தொழிலாளர் எத்தனையோ இன்னல்களைக் கண்டவர்கள். தாடை அழுகும் அந்நோய் மட்டும் இத்தொழிலோடு சேர்ந்து வரவில்லை.

பூச்சிமருந்திலும் இவ்வழி தொடங்கியிருக்கிறது. 2018-ஆம் ஆண்டு ஆணையால் இந்திய அரசு 18 பூச்சிமருந்துகளை விலக்கியது. அவற்றுள் போரேட், டிரையசோபாஸ் போன்ற கொடியவை 2020 இறுதியோடு நிறுத்தப்பட்டன. காட்டில் நாம் கேட்க வேண்டியதும் இதே வரிசையில்தான். இப்பயிருக்கு இப்போது தெளிப்பு வேண்டுமா? புழு எத்தனை செடியில் இருக்கிறதென்று எண்ணிப் பார்த்தோமா? ஆழ உழுது கூட்டுப்புழுவை வெயிலுக்குக் காட்டினோமா? வேண்டுமென்றால், சிவப்புக்குப் பதில் நீலமோ பச்சையோ போதாதா? அதன் பின்னரே காலை வேளை, காற்றுக்கு முதுகு காட்டி நடத்தல், ஒழுகாத டாங்கி, கலக்கும்போது கையுறை, அடைத்த முனையை வாயால் ஊதாமை, வேலை முடிந்ததும் குளியல். உடல் முழுதும் இரப்பர் உடை அணியச் சொல்கிறவர் நாகலாபுரத்து வெயிலில் ஒரு மணி நேரம் அதை அணிந்து நின்று பார்க்க வேண்டும்! முழுக்கைப் பருத்திச் சட்டையும் நீள்காற்சட்டையும், அன்றே சோப்பிட்டுத் தனியே துவைப்பதும் நடக்கக்கூடிய காரியம்.

நாகலாபுரம் பள்ளி மாணவர் ஒருவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தெளிக்கப் போகும் தந்தைக்கோ அண்டை வீட்டாருக்கோ புட்டியோடு வரும் துண்டுத் தாளைப் படித்துக் காட்டலாம். எழுத்து மிகச் சிறியது, இளங்கண்களுக்கே தெரியும். காட்டில் ஒருவர் தலைசுற்றி விழுந்தால் நிழலுக்குக் கொண்டுவந்து, நனைந்த துணியைக் களைந்து, சோப்பும் நீரும் இட்டுக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையும் காக்கப்பட வேண்டும். மருத்துவமனைக்குப் போகையில் அந்தத் தாளையோ புட்டியையோ மறவாமல் கொண்டுபோங்கள். கரிம பாஸ்பரஸ் நஞ்சுக்கு அட்ரோபின் முறிமருந்து. வேறு சில நஞ்சுகளுக்கு அது உதவாது. எதை அடித்தார் என்பதுதான் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி.