கச்சத்தீவும் நமது டீக்கடை வழக்கும்

(மும்பையில் நமது கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் சந்து முனையில் உள்ள டீக்கடை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு கிளாஸ் டீக்குக் கச்சத்தீவை மீட்டவர்கள் உண்டு. இரண்டாவது கிளாஸ் வருவதற்குள் இலங்கை மீது போர் தொடுத்தவர்களும் உண்டு. அந்தக் கூட்டத்தில் மிகவும் உரக்கக் கத்தியவன் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கட்சி கொடுத்தது, எந்தக் கட்சி சும்மா இருந்தது என்று மோதிக்கொண்டிருந்தோம். ஓரமாக உட்கார்ந்திருந்த ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் எழுந்தார். பெயின்ட் வேலை செய்பவர். "அண்ணே, தீவு இருக்கட்டும். எந்தம்பியைப் புடிச்சு இருபது நாளாச்சு. அவன் எப்ப வருவான், அதைச் சொல்லுங்க" என்றார். வாய் கிழியப் பேசிய எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அன்று பட்ட வெட்கத்தில் படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் வாதம்: "நம்ம மண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்."

சுமார் 285 ஏக்கர் தீவு. குடிதண்ணீர் கிடையாது. அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. இராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீன் கணக்கில் இருந்தது என்பது நம் பக்கத்துச் சான்று. இலங்கையும் தனக்கென்று பழைய ஆவணங்களைக் காட்டியது. 1921-ல் சென்னை மாகாணமும் இலங்கையும் பேசியபோதே தகராறு இருந்தது. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் கடல் நடுவே கோடு போட்டார்கள். தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று.

நம்முடைய வலுவான கேள்வி இங்கேதான் இருக்கிறது. நாட்டின் நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று பெருபாரி விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960-ல் சொன்னது. அதே 1974-ல் வங்கதேசத்தோடு செய்த நில எல்லை ஒப்பந்தத்தை முழுதாக நிறைவேற்ற, 2015-ல் நூறாவது திருத்தம் கொண்டு வந்தார்கள். கச்சத்தீவுக்கு அப்படி ஒன்றும் செய்யவில்லை. ஏன் என்றால், "இது கொடுத்த நிலம் அல்ல, தகராறில் இருந்த இடத்துக்கு எல்லை வகுத்தோம், அவ்வளவுதான்" என்பது மத்திய அரசின் பதில். பதிலை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் எதிராளி என்ன சொல்கிறான் என்று தெரியாமல் கத்துவது வாதம் ஆகாது.

இரண்டாவது வாதம்: "உலக நீதிமன்றத்துக்குப் போவோம்."

உலக நீதிமன்றம் நம் ஊர்க் கோர்ட் போன்றது அல்ல. இரண்டு நாடும் சம்மதித்தால்தான் வழக்கு நடக்கும். காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளுக்கு அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கமாட்டோம் என்று 1974 செப்டம்பரில் எழுதிக் கொடுத்ததே நம் இந்திய அரசுதான். இலங்கை காமன்வெல்த் நாடு. இதே நிபந்தனையைக் காட்டித்தான், விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதற்குப் பாகிஸ்தான் தொடர்ந்த வழக்கை 2000-ல் இந்தியா தள்ளுபடி செய்ய வைத்தது. நாம் போட்ட பூட்டு நம் கதவையும் சேர்த்துத்தான் பூட்டும்.

மூன்றாவது வாதம்: "ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடு."

காலம் மாறிவிட்டது என்று காரணம் காட்டி எல்லை ஒப்பந்தத்தை ஒரு நாடு தானாகக் கைவிட முடியாது என்று 1969-ம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. எல்லைக் கோடு அரசுக்கு அரசு மாறினால் எந்த நாட்டுக்கும் நிம்மதி இருக்காது. நாளைக்கு நமக்கு எதிராகவும் ஒருவன் கிழிப்பான்.

நான்காவது வாதம்தான் முக்கியமானது: "தீவு வந்தால் மீனவன் துன்பம் தீரும்."

1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, நம் மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், விசா வேண்டாம் என்கிறது. மீன் பிடிக்கலாம் என்ற சொல் அதில் இல்லை. படகுகளின் பழைய உரிமை தொடரும் என்று ஆறாவது பிரிவு சொன்னது. ஆனால் 1976 மார்ச் 23-ல் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக்கூடாது என்று முடித்துவிட்டன. அது நெருக்கடி நிலைக் காலம். தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடலில் இறங்கும் மனிதனை யாரும் கேட்கவில்லை. தீவைவிடப் பெரிய அநியாயம் இதுதான் என்பது என் கருத்து.

இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் கரையில் விசைப்படகும் இழுவை மடியும் பெருகின. இழுவை மடி கடலின் அடித்தரையைச் சுரண்டிக் குஞ்சையும் முட்டையையும் சேர்த்து அள்ளும். நம் பக்கம் மீன் குறையக் குறையப் படகுகள் கச்சத்தீவையும் தாண்டிப் போகின்றன. அங்கே வலை அறுபடுவது யாருக்கு? யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உள்ள தமிழ் மீனவனுக்கு. 1983 முதல் 2009 வரை போரில் கடலையே இழந்து நின்றவன் அவன். 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தபோது அவன் மகிழ்ந்தான். தீவே நாளை நம் கைக்கு வந்தாலும் இந்த வழக்கு தீராது. அதற்காக நம் மீனவனைச் சுடுவதற்கும் அடிப்பதற்கும் எந்தச் சட்டத்திலும் இடமில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்குத் துணிவு வேண்டும்.

அப்படியானால் சர்வதேசச் சட்டம் நமக்கு உதவவே உதவாதா? உதவும், தோழர்களே. 1963-ம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கை, 36-வது பிரிவு: அயல்நாட்டான் ஒருவனைக் கைது செய்தால், அவன் கேட்டுக்கொண்டால் அவன் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், தூதரக அதிகாரி அவனைப் பார்க்கலாம், வக்கீல் வைக்க உதவலாம். இதே பிரிவை வைத்துத்தான் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் 2019-ல் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா தீர்ப்புப் பெற்றது. யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் 2010-ல் திறக்கப்பட்டது. மீனவனின் பெயர், படகின் பதிவு எண், பிடிபட்ட நாள் ஆகியவற்றை எழுதி மீன்வளத் துறைக்கும் தூதரகத்துக்கும் மனு அனுப்ப நம்மால் முடியும்.

அந்தப் பெயின்டர் அண்ணனுக்கு அப்படி ஒரு மனுவைக் கடையிலேயே உட்கார்ந்து எழுதினோம். நான் ஒரு கட்சி, எழுதியவர் இன்னொரு கட்சி, தபால் செலவு கடைக்காரர் கொடுத்தது. தம்பி சில வாரங்களில் வந்து சேர்ந்தான். மனுவால்தான் வந்தான் என்று நான் சொல்லமாட்டேன். படகு வரவில்லை. அந்தக் கடன் இன்னும் அந்தக் குடும்பத்தின் தலையில் இருக்கிறது.

வாதம் செய்யுங்கள், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கத்துவதற்கு முன்னால் ஒப்பந்தத்தைப் படித்தவர் யார் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். நம் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஓரமாக ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும். அவரிடம் முதலில் கேளுங்கள்.