கரியும் தண்ணீரும் போகும் திசை



நாட்டின் பொருளாதார அமைப்பு சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்வியோடு கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பில் கூடியிருக்கிறோம். குரோஸ்மனும் குரூகரும் 1991-இல் எழுதிய ஆய்வு இத்துறையில் எல்லோருக்கும் பாலபாடம். உற்பத்தி பெருகினால் மாசு பெருகும்; நாடு ஆலைகளிலிருந்து சேவைத் துறைக்கு நகர்ந்தால், தொழில்நுட்பம் மேம்பட்டால், குறையும். தேசியச் சராசரியில் இது ஓரளவு பொருந்தும். சேத்தியாத்தோப்பில் நின்று பார்த்தால் பொருந்தவில்லை.

சென்னையின் மென்பொருள் வளாகங்களுக்குப் புகைபோக்கி கிடையாது. அவற்றுக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு பங்கு நெய்வேலிக் கரி. 2004 முதல் அந்நகரின் குடிநீரில் ஒரு பங்கு வீராணம் ஏரியிலிருந்து, இந்த ஊர் வழியாக வடக்குத்து போய், சுத்திகரிக்கப்பட்டு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடுகிறது. தலைநகர் இறக்கி வைத்த சுமை கடலூர் மாவட்டத்தின் தலையில் இருக்கிறது.

நெய்வேலிக் கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்றுநீர் நிற்கிறது. இறைத்துத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். ஆகவே கரி வெட்டும்வரை பம்புகள் இராப்பகலாக ஓடியாக வேண்டும். மின்கட்டண ஒழுங்குமுறை அனல்மின் நிலையத்தின் பங்கு மூலதனத்துக்கு 15.5 விழுக்காடு ஆதாயம் அனுமதித்து வந்திருக்கிறது. எரிபொருள் செலவும் கட்டணத்தில் சேரும். நீர்மட்டம் இறங்கியதால் உழவர் போர்வெல்லை ஆழப்படுத்தும் செலவு எந்தக் கட்டணத்திலும் சேராது. அமைப்பின் கோளாறு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

அரசுடைமையே மருந்து என்பாருண்டு. நெய்வேலியில் கரி வெட்டும் என்.எல்.சி. அரசு நிறுவனம்தான். 2013-இல் தமிழக அரசு நிறுவனங்களும் அதில் 3.56 விழுக்காடு பங்கு வாங்கின. பத்தாண்டு கழித்து, 2023 ஜூலையில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டப் பக்கத்து வளையமாதேவியில் நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். பயிர் பச்சையாக நின்றதே! அதே ஆண்டு ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்குக் கரிப் படிவம் சுரங்க ஏலப் பட்டியலிலிருந்து நீங்கியது. டெல்டா உழவர்களும் மாநில அரசும் எதிர்த்ததன் பலன் அது.

சேவைத் துறை ஓங்கிய ஜெர்மனியிலும் 2023 ஜனவரியில் லுட்ஸெராத் என்ற சிற்றூரைப் பழுப்பு நிலக்கரிக்காகக் காலி செய்தார்கள். ஆனால் அங்கே 2020-இலேயே, 2038-க்குள் நிலக்கரியைக் கைவிடச் சட்டம் செய்து, சுரங்க வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கிவிட்டார்கள். அதே 2020-இல் நெய்வேலியின் 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. நமக்கு அப்படியொரு சட்டம் இல்லை. நிறுவனம் சூரிய மின்சாரத்துக்கு மாறுகிறது, மகிழ்ச்சி. ஆனால் தமிழ்நாட்டில் அதன் சூரியப் பலகைகள் பெரும்பாலும் கடலூரில் அல்ல, விருதுநகர், இராமநாதபுரம் போன்ற தென்மாவட்டங்களில் இருக்கின்றன.

இங்கே கட்டுரை வாசிப்போர் தேசியப் புள்ளிவிவரத்தோடு நிற்காமல் வட்டார அளவுக்கு இறங்கி வர வேண்டும். மதிய உணவுக்குப் பிறகு இப்பகுதி உழவர்கள் பேசுகிறார்கள். அப்போதும் அரங்கில் இருங்கள். எந்த ஆண்டில் போர்வெல்லை எத்தனை அடி இறக்கினோம் என்று சொல்வார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.