கொடுத்தவருக்குக் கணக்கு
(பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஊர்ப் பொதுக் காரியத்துக்கு நன்கொடை திரட்டுவது நமக்குப் புதிதன்று. 1956-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் பள்ளிப் பகலுணவுத் திட்டம் தொடங்கப்பெற்றபோது, பொதுமக்களின் கொடையே அதற்கு முதலாயிற்று. 1958-ஆம் ஆண்டு கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் அவ்வியக்கத்தை முன்னின்று நடத்தினார். பள்ளிக்கு வேண்டுவன இவையென்று ஊராரிடம் எடுத்துரைத்தனர். கரும்பலகையும் நாற்காலியும் சீருடையும் வந்து சேர்ந்தன. இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடம், கேட்பதைத் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பது.

‘ஊர் நலனுக்கு உதவுங்கள்’ என்று பொதுப்படக் கேட்டால், கேட்கப்பட்டவர் எவ்வளவு தருவதென்று அறியாது தயங்குவார். சாலையோரப் பள்ளி ஒன்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. பந்தைத் துரத்திப் பிள்ளைகள் சாலைக்கு ஓடுகின்றனர் எனக் கொள்வோம். சுவருக்கு மதிப்பீடு 3,00,000 ரூபாய். 1997–98-இல் தொடங்கி 2021-இல் மீண்டும் உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று என வகுக்கப்பட்டது. அக்கணக்கின்படி ஊரார் பங்கு 1,00,000 ரூபாய். இருநூறு வீடுகளுக்கு வீட்டுக்கு 500 ரூபாய். இவ்வாறு பிரித்துச் சொன்னால் ஒவ்வொருவரும் தம் பங்கை உணர்வர். இயலாதவர் குறைத்துத் தரட்டும். வசதியுள்ளவர் கூட்டித் தரட்டும். எவரையும் வற்புறுத்தலாகாது.

இரண்டாவது, ரசீது. பத்து ரூபாயாயினும் வரிசை எண்ணிட்ட ரசீது தரவேண்டும். தொகை தனியொருவர் கணக்கில் சேராமல் சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே சேரவேண்டும். கைப்பேசி வழியே வரும் பணத்துக்கும் இவ்விதியே.

மூன்றாவது, பலரும் மறந்துவிடும் கடிதம். சென்னையிலோ கோவையிலோ வாழும் நம் ஊர்க்காரருக்கு, பணம் கேட்கும்போது மட்டும் கடிதம் போகிறது. வேலை முடிந்தபின் ஒரு வரியும் போவதில்லை. அடுத்த முறை அவர் கை சுருங்கினால் குறை யாருடையது? ‘தாங்கள் அளித்த 500 ரூபாய் வந்து சேர்ந்தது, ரசீது இத்துடன் உள்ளது. கிழக்குச் சுவர் எழும்பிவிட்டது. மேற்குச் சுவர் தைத் திங்களுக்குள் முடியும்’ என நான்கு வரி போதும். ஒரு புகைப்படமும் சேர்த்தால் இன்னும் நன்று. பெருந்தொகை தந்தவர் பெயரைக் கல்லில் பொறித்துவிட்டு, கூலிப் பணத்தில் ஐம்பது ரூபாய் தந்தவரை மறப்பது முறையன்று. நன்றி இருவருக்கும் ஒன்றே.

அயல்நாட்டிலிருந்து வரும் பணத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்தியக் குடிமக்கள் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவதற்குத் தடையில்லை. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், 2010-ஆம் ஆண்டு அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கிடும். பதிவோ முன் அனுமதியோ இன்றிச் சங்கம் அதனைப் பெறலாகாது. உறவினர்தாமே என்று வாங்கிவிட்டுப் பின்னர் வருந்தற்க.

இறுதியாக, கணக்கு. வரவு, செலவு, இருப்பு மூன்றையும் பள்ளிச் சுவரிலோ பஞ்சாயத்து அலுவலகப் பலகையிலோ எழுதி வைப்போம். கிராம சபையிலும் படித்துக் காட்டுவோம். சிமெண்டு விலை ஏறிப் பணம் போதாமற்போனால் அதனையும் மறைக்காது சொல்வோம். நாம் சொல்லாததை ஊர் வாய் தானே புனைந்து சொல்லும். ஒருமுறை ஐயம் புகுந்துவிட்டால், நேர்மையாகத் திரட்ட வருபவருக்கும் கதவு திறவாது. அதனால் நட்டமடைவோர் சங்கத்தாரல்லர். சுவரின்றிச் சாலையோரம் விளையாடும் பிள்ளைகளே.

ஆகவே, சென்ற வசூலின் கணக்கை ஊரறிய வைத்த பின்னரே அடுத்த வசூலுக்குப் புறப்படுவோமாக.