பந்தாட்டம் நம் பெண்களுக்கும் உண்டு
(தொண்டாமுத்தூர் கூட்டத்தில் பேசியது)



பெண் பிள்ளைக்குப் பந்தாட்டம் எதற்கு என்று கேட்போருக்கு நாம் ஒரு பெயரைச் சொல்வோம்: அனிதா பால்துரை. சென்னைப் பெண். 2000 முதல் 2017 வரை இந்தியக் கூடைப்பந்து அணியில் ஆடினார். 19 வயதிலேயே அதன் தலைவியானார். தாயான பின்னும் களத்திற்குத் திரும்பினார். 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவில் கஜகஸ்தானை 75-73 என்று வென்ற அணியில் அவரும் இருந்தார். பிறகு பயிற்சியாளராகி இளம் பெண்களைப் பழக்கினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

திறமை ஒன்றா இதைச் செய்தது? தென்னக ரயில்வேயில் நிலையான வேலையும் மாதச் சம்பளமும் இருந்தன. பாக்குத் தோப்பிலும் வெங்காயக் காட்டிலும் குனிந்து பாடுபடும் நம் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? 26 வாரப் பேறுகால விடுப்பு என்று 2017-இல் சட்டம் திருத்தினார்கள். மில்லில் கேட்டு வாங்கலாம். அன்றாடக் கூலிக்காரியோ வேலைக்குப் போகாத நாளில் கூலி இழக்கிறாள். அவள் மகள் எங்கே பந்தெடுப்பாள்?

ஆகவே கேட்கிறோம்: கூலியோடு பேறுகால விடுப்பு, பள்ளிதோறும் ஆடுகளம், பெண் பயிற்சியாளர். சங்கத்தில் பேசுவோம், பேரூராட்சியில் கேட்போம், கிடைக்கும்வரை ஓயமாட்டோம்!