எல்லைப்புறத்து வெள்ளாடை



திருவோண நாளன்று கேரள மக்கள் உடுத்தும் உடையை நீங்கள் அறிவீர்கள். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் உங்களுள் பலர், அண்டை வீட்டு மலையாள நண்பர்கள் அதனை உடுத்தி வரக் கண்டிருப்பீர்கள். சாயம் ஏறாத இளவெண்மைத் துணி, ஓரத்திலே பொன்னிறக் கரை, அவ்வளவுதான். கேரளத்தின் அடையாளமாகவே விளங்கும் இவ்வாடையின் மிக உயர்ந்த வகைகளுள் ஒன்றை உருவாக்கியவர்கள், தமிழகத்திலிருந்து குடியேறிய நெசவாளர்கள் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

நாகர்கோயிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், களியக்காவிளையைக் கடந்ததும் பாறசாலை. பின்னர் நெய்யாறு, அதனைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை. இன்னும் சற்றுத் தொலைவில் பாலராமபுரம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நிலத்தில் எல்லை வகுக்கப்பட்டது. ஆனால் இவ்வூர்களின் பேச்சிலும் உறவிலும் தொழிலிலும் அந்த எல்லையைக் காண்பது எளிதன்று.

திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரையே பாலராமபுரம் தாங்கி நிற்கிறது. திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், தெற்குத் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்டன என்பர். அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய துணிகளை நெய்வது அவர்கள் பணி. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்று அவர்கள் வாழ்ந்த தெருக்களின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

வந்தவர்கள் தங்கள் கைத்திறனைக் கொண்டுவந்தார்கள். சுவையையோ இந்நாட்டிலிருந்து கற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டுச் சேலைக்கு வண்ணமும் கட்டமும் அழகு. கேரளத்து முண்டுக்கும் நேரியதற்கும் அடக்கமே அழகு. புளியிலைக் கரை என்ற பெயரே சொல்லும், அந்தக் கரை எத்துணை மெல்லியது என்பதை! வண்ணத்தால் குறையை மறைக்க வழியில்லாத துணி இது. ஓரிழை தளர்ந்தாலும் கண்ணில் படும். பிறர் மரபைத் தமதாக்கிக்கொள்ள அவர்கள் எத்துணைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதை இதனால் உணரலாம்.

நெய்யும் முறையையும் சிறிது கேளுங்கள். விடியற்காலையில் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சியைத் தோய்த்து, இழையோடு இழை ஒட்டாதபடி பலர் சேர்ந்து தூரிகையால் வாருவார்கள். வெயில் ஏறுமுன் வேலை முடிந்தாக வேண்டும். பின்னர்க் குழித்தறி. நெசவாளர் குழியில் காலிறக்கி மிதியை மிதித்து, நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பற்றுகிறார். வேகம் குறைவு, ஆயினும் துணியின் இருபுறமும் ஒன்றுபோலவே அமையும். எது உட்புறம், எது வெளிப்புறம் என்று கூற முடியாது. தறி, பாவு, ஊடு, கரை ஆகிய சொற்கள் மலையாளத்திலும் இவ்வாறே வழங்குவதால், தொழிலைக் கற்பிக்க மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நாளடைவில் அக்கம்பக்கத்துப் பிற சமூகத்தாரும் தறியில் அமர்ந்தனர்.

இது தனியொரு நிகழ்ச்சியன்று. திருச்சூர் மாவட்டத்துக் குத்தாம்புள்ளியில் கேரளத் துணி நெய்பவர்கள், மைசூர்ப் பகுதியிலிருந்து வந்த தேவாங்கர்கள். மதுரையின் சுங்குடிச் சேலையைப் புகழ்பெறச் செய்தவர்கள் சௌராஷ்டிரர்கள். ஒரு நாட்டின் மரபுக் கலை அந்நாட்டில் பிறந்தவர்க்கே உரியது என்று எண்ணுவோர், இவ்வூர்களை ஒருமுறை பார்த்தால் போதும்.

பாலராமபுரத்துத் துணிக்கு 2009-10-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் அந்தப் பெயருக்குக் கிடைத்த காவல், நெய்யும் கைக்கு முழுமையாகக் கிடைத்துவிடவில்லை. விசைத்தறியில் விரைவாக நெய்த மலிவான துணி, கைத்தறியின் பெயரால் விற்கப்படுகிறது. பல நாள் உழைப்புக்கு அதனோடு போட்டியிடும் விலை கட்டுபடியாவதில்லை. ஆகவே, தறியில் அமர்ந்த தந்தையே தம் மகனை வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறார். அவரைக் குறை கூற நமக்கு உரிமை ஏது? தெருவில் பாவு விரிக்கப் பலர் கூட வேண்டும். அக்கூட்டம் கலைந்தால், எஞ்சிய ஒருவர் எவ்வளவு வல்லவராயினும் தனியே அத்தொழிலைக் காத்தல் அரிது.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இச்செய்தியில் ஒரு தனிப்பங்கு உண்டு. நீங்களும் குடிபெயர்ந்தவர்கள். அடுத்த முறை ஓணத்துணி வாங்கும்போது, 2006-இல் நடைமுறைக்கு வந்த கைத்தறி முத்திரை அதில் உள்ளதா என்று பாருங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த ஊர் எது என்று கேளுங்கள். விலை சற்று மிகுதியானால், விடியலில் தெருவிலே நின்று பாவு வாரிய கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். சென்ற இடத்தின் கலையைக் கற்று, அதனை அவ்விடத்தார்க்கே அணிவித்து மகிழ்ந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவே.