கையசைவு ரத்தத்தில் வருவதில்லை



1930களில் ஜெர்மனியின் இனவாத எழுத்தாளர்கள் சிலர், ஒருவர் கையை ஆட்டிப் பேசும் விதம் அவருடைய இனத்தின் ரத்தத்திலேயே ஊறியது என்று எழுதிவந்தார்கள். அது உண்மைதானா என்று நேரில் பார்த்துவிட நியூயார்க் தெருக்களில் இறங்கினார் டேவிட் எஃப்ரான். அர்ஜென்டினாவில் பிறந்தவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸிடம் ஆய்வு செய்தவர். துணைக்கு ஓர் ஓவியர், படக்கேமராவும் உண்டு.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு முன்கையை மட்டும் ஆட்டிப் பேசினார்கள். எதிரே நிற்பவரை நெருங்கி, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பேசுவதும் உண்டு. தென் இத்தாலியர்களோ தோளிலிருந்து கையை வீசினார்கள். சொல்லவந்த பொருளின் உருவத்தையே காற்றில் வரைந்து காட்டினார்கள். ஆனால் அமெரிக்க வாழ்க்கையோடு கலந்துவிட்ட வாரிசுகளிடம் இந்த வேறுபாடு பெருமளவு மறைந்திருந்தது. ரத்தம் அதே ரத்தம். சுற்றியிருந்த மனிதர்கள்தாம் வேறு. 1941இல் நூலாக வந்தது இந்த ஆய்வு. வெறுப்புக்கு அறிவியல் வேடம் போட்ட காலத்தில், தெருவில் நின்று பார்த்து எழுதிய பதில் என்பதால் இதன்மீது எனக்குத் தனி மரியாதை.

பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே, உங்களிடம் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரியவர்கள் முன்னால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வதே மரியாதை என்று வளர்ந்தவர்கள் உங்களில் பலர். நேர்காணலில் அதே பணிவைத் தன்னம்பிக்கைக் குறைவென்று எழுதிவிடுகிறார்கள். நாம் தலையை இருபுறமும் லேசாகச் சாய்த்து ஆட்டுவது சம்மதமா மறுப்பா என்று தெரியாமல் வெளிநாட்டு மேலாளர்கள் திகைக்கிறார்கள். பல்கேரியாவில் பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆம்'. தலையை மேலே நிமிர்த்தினால் 'இல்லை'. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எதையும் வாய்விட்டு ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கண்ணைப் பார்த்துப் பேசப் பழகுங்கள். நியூயார்க்கில் குடியேறியவர்களின் வாரிசுகள் பழகியதுபோல உங்களாலும் முடியும். ஆனால் சில ஆண்டுகளில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப்போகிறவர்களும் நீங்கள்தான். அன்றைக்கு, வீட்டிலேயே முதல் பட்டதாரியான ஒரு பெண் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னால், நிமிர்ந்து பார் என்று அதட்டாதீர்கள். அவள் சொன்ன விடை சரியா என்று பாருங்கள். அதற்கு மதிப்பெண் போடுங்கள்.